மக்கள் பூங்காவில் மக்கள் யார்?



சில வாரங்களுக்கு முன் நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களோடு ஒரு மாலை நேரச் சந்திப்பு. இருபது பேர் இருப்பார்கள். நகரங்களில் பொதுவெளி சுருங்கிக்கொண்டே போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பூங்கா என்ற சொல் என் பேச்சில் நாலைந்து முறை வந்திருக்கும். பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "அக்கா, பஞ்சமி நிலம் இன்னும் மீளல. மலக்குழிச் சாவு நிக்கல. ஸ்காலர்ஷிப் நேரத்துக்கு வரல. இதுல பூங்காவப் பத்தி நாம எதுக்குக் கவலப்படணும்? அது காலையில ஷூ போட்டுட்டு நடக்குறவங்க பிரச்சினைதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மையில் அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கான பதில். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலிருந்து ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் 'சென்னை பூங்கா'. எம்.ஏ. சமூகவியல் படித்த காலத்தில் நூறு முறையாவது அந்த ஸ்டேஷனில் இறங்கியிருப்பேன். வெளியே வந்தால் சென்ட்ரல், பெரியாஸ்பத்திரி, ரிப்பன் மாளிகை, ஓயாத வண்டிகள். பக்கத்தில் இருக்கும் பகுதிக்குப் பெயர் பூங்கா நகர். இங்கிலீஷில் பார்க் டவுன். பார்க் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. ஒருநாள் நூலகத்தில் வேறெதையோ தேடும்போதுதான் அந்தப் பார்க்கின் கதை கண்ணில் பட்டது.

அதன் பெயர் பீப்பிள்ஸ் பார்க். மக்கள் பூங்கா. 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன் உருவாக்கியது. அன்று கறுப்பர் நகரம் என்று அழைக்கப்பட்ட பகுதியைச் சுற்றிக் கோட்டைச்சுவர் இருந்தது. அந்தச் சுவருக்காகப் போடத் திட்டமிட்ட வரியின் பெயர்தான் இன்றைக்கும் வால்டாக்ஸ் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவருக்கு மேற்கே, நெரிசலில் மூச்சுத் திணறிய நகரத்துக்குக் காற்று வாங்க ஓர் இடம் என்ற எண்ணத்தில் 116 ஏக்கரில் பூங்கா எழுந்தது. குளங்கள், வண்டிப் பாதைகள், பாண்டு வாத்திய மேடை, விளையாட்டுத் திடல் எல்லாம் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலையும் சில ஆண்டுகளில் இங்கே வந்து சேர்ந்தது. சென்னைச் சனம் அதற்கு வைத்த பெயர் 'உயிர் காலேஜ்'. பாடம் பண்ணிய விலங்குகளை வைத்திருந்த அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. காலேஜ் வாசலை மிதிக்க வாய்ப்பே இல்லாதவர்கள் வைத்த பெயர் என்று எனக்குத் தோன்றும். அந்தக் கிண்டலை எந்தப் பேராசிரியரும் மிஞ்ச முடியாது.

டிரெவிலியன் என்ற பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது நமக்குத் தெரிந்த பெயர் அல்லவா!

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குத் தோள்சீலைப் போராட்டம் தெரியும். 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் நாகர்கோவிலைச் சுற்றிய ஊர்களில் மேலாடை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். சந்தையில் சீலை கிழிக்கப்பட்டது, ஜெபக்கூடங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. அப்போது திருவிதாங்கூர் அரசுக்கு நெருக்கடி கொடுத்துக் கடிதம் எழுதிய சென்னை ஆளுநர் இதே டிரெவிலியன்தான். 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று பிரகடனம் வெளியிட்டார். சென்னையில் 'மக்கள்' பெயரில் பூங்கா உருவானதும், நம் ஊரில் ஒரு பகுதிப் பெண்களுக்குத் துணி அனுமதிக்கப்பட்டதும் ஒரே ஆண்டில், ஒரே ஆளுநர் காலத்தில்.

வெள்ளைக்காரத் துரைக்கு மாலை போடக் கிளம்பிவிட வேண்டாம். இந்த டிரெவிலியன் இங்கே வருவதற்கு முன் லண்டன் கருவூலத்தில் உயர் அதிகாரி. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து பத்து லட்சம் பேர் செத்தபோது நிவாரணத்தைக் கவனித்தவர் அவர்தான். நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்று ஐரிஷ் மக்கள் இன்றும் அவரை மன்னிக்கவில்லை. இங்கே ஆளுநராக இருந்ததும் ஓராண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வருமான வரியை எதிர்த்து மேலிடத்தோடு மோதியதால் 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். ஓர் ஆளுக்குள் இத்தனையும் இருந்திருக்கின்றன. கருணை மேலிருந்து வரும்போது எப்போதும் இப்படித்தான் கலந்து வரும்.

பிரகடனத்தையும் முழுசாகப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் மறைத்துக்கொள்ளலாம், ஆனால் சவர்ணப் பெண்கள் போடும் முறையில் போடக்கூடாது. ஒன்று கிறிஸ்தவப் பெண்களைப் போல் குப்பாயம் போடலாம், அல்லது முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். அதில் நாடார் என்று எழுதியிருக்கிறது. பறையர், புலையர் பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் சட்டப்படி அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டதே அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1855இல். கொல்லம் பக்கம் பெரிநாட்டில் அய்யங்காளியின் தலைமையில் புலையர் பெண்கள் கழுத்தில் கிடந்த கல்லுமாலையை அறுத்தெறிந்து மேலாடை போட்டது 1915இல். இடையில் 56 ஆண்டுகள். 'மக்களுக்கு' என்று அரசு சொல்லும்போது அந்தச் சொல் வரிசையில் கடைசி ஆள்வரை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம் அது.

மக்கள் என்ற சொல்லையே பாருங்கள். நாஞ்சில் நாட்டில் அது வேறு மாதிரி. என் ஆச்சி தெருவில் போகும் பிள்ளையையும் கூப்பிடுவாள்: "மக்களே, எங்க போறே?" பெற்ற பிள்ளையும் மக்கள்தான், பக்கத்துவீட்டுப் பிள்ளையும் மக்கள்தான். ஆனால் அந்த ஆச்சியை அவள் களை பறித்த வயல்காரர் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒருமையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தாத்தாவுக்குப் பெயர்கூடக் கிடையாது, சாதிதான் பெயர்.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே பூங்கா ஓர் அலையாக வந்தது. இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த நகரங்களில் கலகமும் காலராவும் வந்துவிடும் என்ற பயத்தில் பூங்காக்கள் திறந்தார்கள். பொதுப்பணத்தில் அமைத்த பூங்காவுக்கு முன்மாதிரி என்று 1847இல் திறந்த பர்க்கன்ஹெட் பூங்காவைச் சொல்வார்கள். அதைப் பார்த்து வந்தவர் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தார். சென்ட்ரல் பார்க்கை சினிமாவில் பார்த்து நாமும் வாய் பிளந்திருக்கிறோம். அதன் மேற்கு ஓரத்தில் செனகா வில்லேஜ் என்று ஓர் ஊர் இருந்தது. 1825 முதல் கறுப்பின மக்கள் சொந்தக் காசில் மனை வாங்கி, வீடும் சர்ச்சும் பள்ளியும் கட்டி வாழ்ந்த ஊர். சுமார் 225 பேர். 1857இல் பூங்காவுக்காக எல்லோரையும் காலிசெய்து ஊரையே இடித்தார்கள். சொந்த மனை இருந்தவர்களுக்கும் அன்றைய பத்திரிகைகள் வைத்த பெயர் குடிசைவாசிகள், ஆக்கிரமிப்பாளர்கள். அமெரிக்கா என்றாலும் அகராதி ஒன்றுதான்.

இனி சென்னைப் பூங்காவுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

முதலில் நகரத்துக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்றார்கள். 1880களில் பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு, அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், நகராட்சி ஓர் அறக்கட்டளைக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. வாடகை கிரவுண்டுக்கு எட்டணா. விக்டோரியா பொது மண்டபம் அங்கே எழுந்தது. ஜமீன்தார்களும் ராஜாக்களும் நன்கொடை கொடுத்தார்கள். அப்புறம் பிராட்வே பக்கம் கடைபோட்டிருந்த வியாபாரிகளை எங்கே அனுப்புவது என்று கேள்வி வந்தது. பூங்காதான் இருக்கிறதே! 1900இல் மூர் மார்க்கெட். பூங்காவைப் பராமரிக்க வேண்டிய மாநகராட்சிக்கே ஓர் ஆபீஸ் வேண்டும். 1909இல் அடிக்கல், 1913இல் ரிப்பன் மாளிகை. காவல்காரன் தோட்டத்துக்குள்ளேயே மாடி வீடு கட்டிக்கொண்டான் என்றுதான் எனக்குப் படுகிறது. கட்டடம் அழகு, மறுக்கவில்லை. பிறகு ஸ்டேடியம். 1985இல் விலங்குகள் முப்பது கிலோமீட்டர் தள்ளி வண்டலூருக்குப் போயின. விலங்குகளுக்கு அது நல்லதுதான், கூண்டுக்குள் கிடந்தவை காட்டுக்குள் போயின. ஆனால் விலங்குகள் விட்டுச்சென்ற இடம் பூங்காவாகத் திரும்பவில்லை.

அதே 1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அதன் பழைய புத்தகக் கடைகளில் பாதி விலைக்கும் கால் விலைக்கும் பாடப்புத்தகம் வாங்கிப் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேர். எரிந்த இடத்தை ரயில்வே எடுத்துக்கொண்டு புறநகர் ரயில் முனையம் கட்டியது. கடைக்காரர்களை எங்கே அனுப்புவது? பூங்காவில் அல்லிக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அந்த இடத்தில் வணிக வளாகம் கட்டினார்கள். இன்று அல்லிக்குளம் என்றால் கடைகளும் கோர்ட்டும். 'அல்லிக்குளம் கோர்ட்டில் வாய்தா' என்று வக்கீல் தோழர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தண்ணீர் ஞாபகம் வரும். மிச்சமாக இருப்பது மை லேடீஸ் பூங்கா மாதிரிச் சில துண்டுகள். 116 ஏக்கரில் பெரும்பங்கு கட்டடத்துக்கும் தார்ச்சாலைக்கும் தண்டவாளத்துக்கும் போய்விட்டது.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் எங்கேயும் வரவில்லை. ஒவ்வொரு துண்டும் தீர்மானம் போட்டு, கையெழுத்துப் போட்டு, சட்டப்படி எடுக்கப்பட்டது. காரணமும் ஒவ்வொரு முறையும் பொதுநலம்தான். கூவம் கரையில் குடிசை போட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள், அவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போக வேண்டும். குளத்தின் மேல் கட்டடம் கட்டினால் அது வளாகம். என்னைப் போல் சமூகவியல் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெரிய கோட்பாடு வைத்திருக்கிறோம். பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் லிப்ட் வேலைசெய்யாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிக்கு அந்தக் கோட்பாடு தேவைப்படாது.

ஆனால் இந்த வரலாறு ஒரே பக்கமாகவும் இல்லை. பூங்காவை முதலில் தின்ற அந்த விக்டோரியா மண்டபத்தில்தான் 1895இல் ரெட்டமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையின் பெரும் கூட்டத்தை நடத்தினார். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள் ராஜாக்களின் நன்கொடையில் கட்டிய மண்டபத்தில் போய் உட்கார்ந்தார்கள். நகரத்தின் பொது இடம் நம்மவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இது சொல்கிறது. கிராமத்தில் பொது என்றால் ஊர்ப்பொது. ஊர் மந்தை, ஊர்க் குளம், ஊர் ஆலமரத்தடி எல்லாம் பொதுதான், சேரிக்கு மட்டும் இல்லை. நகரத்தின் பூங்காவும் மண்டபமும் அப்படி ஒரு சாதிக்குச் சொந்தமாகப் பிறக்கவில்லை. வாசலில் உன் தெரு எது என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் உள்ளே போய்விடலாம். கேட்க ஆள் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் சண்டை நடந்தது.

அந்தச் சண்டையின் ஒரு முக்கியத் தேதி 1924. சென்னை சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் அந்த ஆகஸ்டில் நிறைவேறியது. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடங்கள் எல்லாம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் திறந்தவை என்றது தீர்மானம். அதை வைத்து அரசு ஆணையும் வந்தது. 'பொதுமக்கள் கூடும் இடம்' என்ற அந்தத் தொடர்தான் பூங்காவையும் உள்ளே கொண்டுவருகிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவிலும் இதே தொடரைப் பார்க்கலாம். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பேரால் தடை கூடாது.

ஆனால் 1924 ஆணை ஆரல்வாய்மொழியைத் தாண்டி இந்தப் பக்கம் செல்லாது. இந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அதே ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கு, தீண்டல் பலகைக்கு எதிரே, சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. நம் சுசீந்திரத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் 1926இல் தொடங்கினார்கள். கோயிலுக்குள் போகக்கூட இல்லை, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க. 1930இல் மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்று. சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாகப் பொறுப்பேற்றுச் சில வாரங்களில். நாகர்கோவில் வேப்பமூட்டில் நம் நகரத்தின் பூங்கா அவர் பெயரில்தான் இருக்கிறது. பூங்காவுக்குத் திவான் பெயர் இருக்கட்டும், நான் பெயர் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் தெருவில் நடக்க அடிவாங்கியவர்களின் பெயர் அந்தப் பக்கத்தில் ஒரு பெஞ்சிலாவது இருந்தால் என்ன?

மஹாடு சவுதார் குளமும் இதே கதைதான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களைத் திறந்துவிடத் தீர்மானம் போட்டது 1923இல். பாபாசாகேப் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளியது 1927 மார்ச் 20இல். காகிதத்திலிருந்து தண்ணீருக்கு நான்கு ஆண்டு.

இப்போது கொஞ்சம் நம் காலத்துக்கு வருவோம்.

இரண்டு வருடம் முன்பு ஒரு கோடை விடுமுறை. தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் மாலை வகுப்புக்கு வரும் பதினாலு பிள்ளைகளை ஓர் ஊரின் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம், நம் மாவட்டம்தான். வாசலில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகளைப் பார்த்ததும், "பிள்ளையோ எல்லாம் எந்தக் காலனி டீச்சர்?" என்றார். கேட்டதில் கோபமோ ஏளனமோ ஒன்றும் இல்லை. பழக்கத்தில் வந்த கேள்வி. சொன்னேன். "செரி, ஊஞ்சல்ல ரொம்ப நேரம் இருக்காம பாத்துக்கிடுங்கோ, மத்த பிள்ளையளும் வரும்லா" என்றார். அப்போது ஊஞ்சல் பக்கம் ஒரு பிள்ளைகூட இல்லை. எங்கள் பிள்ளைகள் ஊஞ்சலுக்குப் போகவே இல்லை. புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து கொண்டுபோன முறுக்கைத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். அதில் ஒரு பெண்குழந்தையின் அம்மா தினமும் காலையில் பூங்கா இருக்கும் அதே தெருவைப் பெருக்குகிறவர். யாரும் தடுக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொதுச் சொத்து வளங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 'மத்த பிள்ளையளும் வரும்லா' என்பதை எந்தப் பிரிவில் புகார் எழுதுவது?

இன்னொரு வாசல் டிக்கெட் வாசல். சென்னை கதீட்ரல் சாலையில் தனியார் சங்கத்தின் வசம் நீண்டகாலம் இருந்த அரசு நிலத்தை மீட்டு, 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவைத் திறந்தார்கள். நிலத்தை மீட்டதை முழுமனதாக வரவேற்கிறேன். நகரத்தின் நடுவே ஆறு ஏக்கர் மரமாக நிற்பது பெரிய விஷயம். ஆனால் திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் உள்ளே கால்வைக்கவே 300. கண்ணகி நகரிலிருந்து பஸ் ஏறி வரும் குடும்பத்துக்கு இது வேறு சொல்லில் எழுதிய பலகை. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பார்கள். நூலகத்துக்கும் பணம் வேண்டும்தான், அதற்கு வாசலில் நூறு ரூபாய் வாங்குவதில்லை.

நாமே பூங்கா கட்டினால்? லக்னோவில் கோமதிக் கரையில் மாயாவதி கட்டிய அம்பேத்கர் பூங்கா, நொய்டாவில் 2011இல் திறந்த தலித் பிரேர்ணா ஸ்தல் எல்லாம் வந்தபோது நாடு முழுக்கக் கூச்சல். கல்லுக்கும் யானைச் சிலைக்கும் இவ்வளவு பணமா என்று. 2012 தேர்தலின்போது யானைகளைத் துணிபோட்டு மூடச் சொன்னது தேர்தல் ஆணையம். எனக்கும் அந்தப் பூங்காக்கள்மேல் விமர்சனம் உண்டு. மரம் குறைவு, கல் அதிகம், வெயிலில் உட்கார நிழல் தேட வேண்டும். ஆனால் மன்னர், ராணி, துரை, திவான் பெயர்களில் இருக்கும் பூங்காக்களுக்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை. நம் பெயரில் வந்ததும் எல்லோரும் ஆடிட்டர் ஆகிவிட்டார்கள்.

கடைசியாக ரிப்பன் மாளிகைக்கே திரும்ப வேண்டும். 2025 ஆகஸ்டில் அதன் முன்னால் சென்னை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம்மவர்கள். பதின்மூன்று நாள் மழையிலும் வெயிலிலும் நடைபாதையில் இருந்தார்கள். நடைபாதை போராடும் இடம் இல்லை என்று வழக்கு நீதிமன்றம் போனது, அகற்ற உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றியது.

அந்த வீடியோக்களை நாகர்கோவிலில் என் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 1859இல் மக்களுக்கு என்று ஒதுக்கிய 116 ஏக்கர் அந்த வட்டாரம். அவர்களின் பின்னால் நின்ற மாளிகை, பக்கத்து மண்டபம், எதிரே போன மெட்ரோ எல்லாம் அந்த வட்டாரத்தில்தான் எழுந்தன. நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் உட்காருவதற்கு அதில் நடைபாதைதான் மிஞ்சியது, அதுவும் பதின்மூன்று நாளைக்கு. தம்பி, பூங்கா ஷூ போட்டு நடக்கிறவர்களின் பிரச்சினை மட்டும்தானா என்று கேட்டீர்களே, எனக்கு அன்று இரவுதான் பதில் கிடைத்தது. பொது நிலம் போனால் நடப்பவர்களுக்கு நடை போகும், ஜிம்முக்குப் போய்க்கொள்வார்கள். நமக்குக் கூடும் இடம் போகும்.

சரி, என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கும் சட்டம். டிரெவிலியன் பூங்காவுக்குச் சரியாக நூறாண்டு கழித்து வந்தது, அதற்குள் அந்தப் பூங்காவின் பெரும்பகுதி கைமாறிவிட்டது. உள்ளாட்சி தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களைப் பட்டியல் போட வேண்டும், பட்டியலில் ஏறிய இடத்தை அனுமதியில்லாமல் வேறு காரியத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். 1991இல் பெங்களூரு வழக்கொன்றில், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள்தான்.

புது மனைப்பிரிவுகளுக்கும் விதி உண்டு. 3000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை நீங்கலாகப் பத்து விழுக்காடு திறந்தவெளிக்கு விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டிவிடலாம் என்பது அதிலுள்ள ஓட்டை. நம் மாவட்டத்தில் நான் வேலைசெய்த காலனிகளில் வீடு மூன்று சென்ட், நாலு சென்ட். பிள்ளைகள் விளையாடுவது ரோட்டில், அல்லது சாவு விழாத நாளில் சுடுகாட்டு ஓரத்தில். இந்தக் காலனிகளுக்கு மனை அளந்தபோது பத்து விழுக்காட்டை எங்கே விட்டார்கள் என்று நாம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா?

அன்று கேள்வி கேட்ட தம்பியும் நானும் சேர்ந்து ஒரு தகவல் உரிமை மனு எழுதியிருக்கிறோம். நம் ஊர் எல்லைக்குள் எத்தனை பூங்கா, ஒவ்வொன்றும் தொடங்கியபோது எத்தனை சென்ட், இன்று எத்தனை சென்ட், 1959 சட்டப்படியான பட்டியல் இருக்கிறதா, ஆதிதிராவிடர் குடியிருப்புகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை இருக்கின்றன. நான்கு கேள்வி, பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். உங்கள் ஊருக்கும் இதே மனுவைப் போட விரும்புகிறவர்கள் கேளுங்கள், மாதிரி அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதினாலு பிள்ளைகளையும் மறுபடி கூட்டிப்போக வேண்டும். இந்தத் தடவை ஊஞ்சலுக்கு.